சிறு மின்சாரக் குக்கரில் நல்ல சாப்பாடு

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை என ஊர்கள் வரிசையாக வருகின்றன. பாறசாலையைத் தாண்டி இஞ்சிவிளையை அடைந்தால் அடுத்த ஊர் களியக்காவிளை. அது தமிழ்நாடு. 1956 ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. கோடு கிழித்தவர்கள் அடுக்களைக்குள் புகுந்து கிழிக்கவில்லை. மரச்சீனியும், நெத்திலியும், சிறுபயற்றுக் கஞ்சியும், ஏத்தம்பழமும் கோட்டின் இரு பக்கமும் ஒன்றாகவே இருந்து வருகின்றன. தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் கலந்து பேசப்படும் இக்கிராமங்களின் சமையலை முன்னிட்டு, வெளிமாநிலங்களில் ஒற்றை அறைகளில் வாழும் நம்மவர்க்குப் பயன்படக்கூடிய சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

ஒற்றை அறை என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நெய்யாற்றின்கரையில் ஒரு மாடியறையை வாடகைக்குப் பிடித்து நான் தங்கியிருந்த காலத்தில், கேஸ் அடுப்பு வைக்கலாகாது என்பது வீட்டுக்காரரின் முதல் நிபந்தனை. ஆகவே காலையில் ஆப்பக்கடை, மாலையில் சாயாவும் பேக்கரிப் பண்டமும், இரவில் பொரோட்டாவும் குழம்பும் என்று எட்டு மாதங்கள் கழிந்தன. ஒன்பதாவது மாதம் வெறும் வயிற்றில் இரத்தம் சோதித்துப் பார்த்ததில் சர்க்கரை 140 இருந்தது. 126 ஐத் தொட்டாலே நீரிழிவு என்று கருதி மறுமுறை சோதிக்க வேண்டும் என்பது மருத்துவ விதி. இது என் ஒருவனுக்கு நேர்ந்த கதையன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடைபெற்று 2023 இல் வெளியான ஆய்வு, வயது வந்தோரில் நூற்றுக்கு 11.4 பேருக்கு நீரிழிவு உண்டு என்று காட்டிற்று. கேரளத்தில் அது நூற்றுக்கு 25.5. நால்வரில் ஒருவர்! பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போனவர் கடைச் சோற்றையே நம்பி வாழ்ந்தால், எண்ணெயும் உப்பும் மைதாவும் எவ்வளவு உள்ளே செல்கின்றன என்பதை அவர் அறிய வழியில்லை. தாமே சமைத்தால் அறியலாம். அதற்கு வேண்டியது ஒரு சிறு மின்சாரக் குக்கர் மட்டுமே.

வடக்கே சிலர், ‘அவன் இல்லாமல் என்ன சமைக்க முடியும்?’ என்று கேட்பதுண்டு. மேலை நாட்டார் சமையலில் பாதி, சூடான பெட்டிக்குள் வைத்துச் சுட்டெடுப்பது. அந்தச் சூட்டடுப்பைக் கேரளத்துப் பேக்கரிக்காரர்கள் ‘போர்மா’ என்பர். நம் வீடுகளில் போர்மா என்றுமே இருந்ததில்லை. இட்டிலி, இடியாப்பம், புட்டு, கொழுக்கட்டை என நம் பலகாரங்களில் பெரும்பகுதி ஆவியில் வேகிறது. சோறும் கஞ்சியும் பயறும் கிழங்கும் நீரில் வேகின்றன. ஆவியும் நீரும் நூறு டிகிரியைத் தாண்டுவதில்லை. சிறு மின்சாரக் குக்கரும் அந்த நூறு டிகிரிக்கென்றே செய்யப்பட்ட கருவிதான். எனவே அவன் இல்லாதது நமக்கு ஒரு குறையே அன்று.

இக்கருவி பிறந்த வரலாறு சுவையானது. சப்பான் நாட்டில் தோஷிபா நிறுவனத்துக்காகத் தோக்கியோவில் சிறு தொழிற்கூடம் நடத்திய மினாமி யோஷிததா என்பவர் இதை உருவாக்கினார். நாள்தோறும் சோறாக்கிப் பார்த்துச் சோதனை செய்தவர் அவருடைய மனைவி ஃபூமிக்கோ அம்மையார். 1955 இல் அது விற்பனைக்கு வந்தது. அந்த முதற் குக்கரில் பாத்திரத்துக்குள் பாத்திரம் இருந்தது. வெளிப்பாத்திரத்தில் அளந்து ஊற்றிய நீர் முழுதும் ஆவியாகிப் போனதும் சூடு நூறைத் தாண்டும். உடனே இரட்டை உலோகத் தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். இக்காலக் குக்கர்களில் பலவற்றுள் அடித்தட்டின் நடுவே ஒரு காந்தக் குமிழ் இருக்கிறது. பாத்திரத்தில் நீர் இருக்கும் வரை அடிப்பாகம் நூறு டிகிரியிலேயே நிற்கும். அரிசி நீரை உறிஞ்சி முடித்து, சூடு அதற்குச் சற்று மேலே ஏறியவுடன் அந்தக் குமிழ் தன் காந்தத் தன்மையை இழக்கும். வில் அதைத் தள்ளிவிட, ‘டக்’ என்ற ஓசையோடு ஸ்விட்ச் மேலே எழும்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படும். நீர் நிறைய நிற்கும் கஞ்சி, பயறு, குழம்பு முதலியவற்றில் ஸ்விட்ச் தானாக விழாது. நாமே பார்த்து நிறுத்த வேண்டும். மற்றொன்று, நீரே இல்லாத பண்டத்தை வைத்தால் ஸ்விட்ச் உடனே எழுந்துவிடும். அதனால் இதில் பொன்னிறமாக முறுகச் சுட முடியாது. சிலர் ஸ்விட்சின்மேல் கரண்டியைச் செருகியோ கல்லை வைத்தோ அழுத்திவிடுகிறார்கள். உயிரோடு விளையாடுவது அது. ஒருபோதும் செய்யலாகாது.

மின்சாரச் செலவைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. 700 வாட் குக்கர் அரைமணி நேரம் ஓடினால் 0.35 யூனிட், 400 வாட் சிறு குக்கர் முக்கால் மணி நேரம் ஓடினால் 0.3 யூனிட். 700 வாட்டுக்கு மூன்று ஆம்பியர் மின்னோட்டமே தேவை. சாதாரணச் சுவர்ப் பிளக் அதைத் தாங்கும். 2000 வாட் இண்டக்ஷன் அடுப்போ ஒன்பது ஆம்பியரை நெருங்குவதால் அதற்குப் பெரிய பிளக் வேண்டும். பழைய வாடகை அறைகளில் அது அரிது. ஆனால் கிராமத்தில் மாலை நேரத்து வோல்டேஜை மறந்துவிடக் கூடாது. 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 180 வோல்ட்தான் வருகிறது என்றால், 700 வாட் குக்கர் 430 வாட் அளவே வேலை செய்யும். சூடு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. குக்கர் பழுதென்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் இதை நினைவிற்கொள்வது நல்லது.

இனி அரிசிக்கு வருவோம். நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் உண்பது செந்நிறக் குத்தரிசி. நெல்லைப் புழுக்கி எடுப்பதனால், உமிக்கும் தவிட்டுக்கும் அருகிலுள்ள பி வைட்டமின்களில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. தவிடும் முழுதும் நீங்குவதில்லை. ஆனால் அது வேக மிகவும் தாமதமாகும். ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் நீர் வைத்து நான் முதன்முதல் அதைக் குக்கரில் இட்டேன். ஸ்விட்ச் எழுந்தபோது அரிசி கல்லாக இருந்தது. மேலும் நான்கு தம்ளர் நீரை ஊற்றினேன். அது நுரைத்துப் பொங்கி மேசையெல்லாம் வழிந்தது. கீழ்வீட்டுப் பாட்டி ஓசை கேட்டு மேலேறி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “மக்களே, இந்த அரிசிக்கு வெள்ளமும் வேணும், நேரமும் வேணும். ரெண்டும் குடுக்காம சோறு கேட்டா எப்பிடி?”

அவர் சொன்ன முறை வருமாறு. அரிசியை நன்றாகக் கழுவி இரண்டு மணி நேரம் ஊற வைக்க வேண்டும். காலையில் வேலைக்குப் போகிறவர் இரவே ஊறப்போட்டுவிடலாம். வெக்கையான காலமானால் குளிர்ப்பெட்டியில் வைத்து ஊறவிடுவது நல்லது. ஒரு பங்கு அரிசிக்கு நான்கு பங்கு நீர். பாத்திரத்தில் பாதிக்கு மேல் எதுவும் நிற்கக் கூடாது. குக்கரோடு வரும் அளவுக் கிண்ணம் சப்பானியரின் ‘கோ’ என்னும் 180 மில்லி அளவு. ஏறத்தாழ நம் ஆழாக்கு. ஒரு லிட்டர்க் குக்கரில் அரை ஆழாக்குக் குத்தரிசிக்கு மேல் இட்டால் பொங்கும். வடித்துச் சாப்பிட விரும்புவோர் நீரைக் கூட்டி வைத்து, வெந்ததும் வடிக்கலாம். அந்தக் கஞ்சிநீரில் சத்து கரைந்திருப்பதால் கொட்டிவிடாமல் சிட்டிகை உப்பிட்டுக் குடிப்பதே இவ்வூர் வழக்கம். பெங்களூரு வாசிகளுக்கு ஒரு சொல்: உங்கள் ஊர் கடல்மட்டத்திற்குச் சுமார் 900 மீட்டர் மேலே இருப்பதால் அங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஒரு கைந்நீரும் ஐந்து நிமிடமும் கூடுதலாகக் கொடுங்கள்.

குத்தரிசியின் தாமதத்துக்குக் கேரளத்தார் கண்ட மற்றோர் உபாயம் ‘சூடாறாப்பெட்டி’. 1962 இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் என்னும் அறிவியல் மக்கள் இயக்கம், புகையில்லா அடுப்போடு இதனையும் வீடுதோறும் பரப்பிற்று. சூடு வெளியேறாதபடி உள்ளே தெர்மோகோல் பதித்த பெட்டி அது, வேறொன்றுமில்லை. அரிசியைச் சிறிது நேரம் கொதிக்கவிட்டு, மூடிய பாத்திரத்தோடு பெட்டிக்குள் வைத்துவிட்டால், மீதி வேக்காடு பாத்திரத்தின் சூட்டிலேயே நடந்து முடியும். மின்சாரக் குக்கர் வைத்திருப்பவரும் இதைச் செய்யலாம். பத்து நிமிடம் நன்றாகக் கொதித்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உள்பாத்திரத்தை மூடியோடு எடுத்துத் தடித்த கம்பளியில் சுற்றி ஒரு பெட்டிக்குள் ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். பிளக்கோடு இருக்கும் குக்கரின்மேல் மட்டும் துணியைப் போர்த்தக் கூடாது.

எல்லைக் கிராமத்து உணவுகளுள் இக்கருவிக்கு மிகப் பொருத்தமானது எது என்று என்னைக் கேட்டால், பயற்றுக் கஞ்சி என்பேன். ஊறிய குத்தரிசி அரை ஆழாக்கு, சிறுபயறு கால் ஆழாக்கு, நீர் ஐந்து ஆழாக்கு. பயற்றை வறுக்க வேண்டா. ஒரு மணி நேரம் ஊறினால் போதும். இதற்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையாத குக்கர் வேண்டும். சிறிய பாத்திரத்தில் பொங்கிவிடும். மூடியைச் சற்று ஒருக்களித்து வைத்து, முக்கால் மணிக்குப் பின் பயறு மசிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பிடி தேங்காய்த் துருவலோடு சீரகம், இரண்டு பல் பூண்டு, இரண்டு சின்ன வெங்காயம் ஆகியவற்றைத் தட்டிப் போட்டு, இறுதியில் இரு கைப்பிடி முருங்கையிலையைத் தூவி மூன்று நிமிடம் விட்டு நிறுத்தினால் போதும். அரிசியில் குறைவாக உள்ள புரதக் கூறு பயற்றில் நிறைய இருக்கிறது. பயற்றில் குறைவானது அரிசியில் இருக்கிறது. ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கிறது. எண்ணெய் ஒரு துளியும் இல்லை. காய்ச்சலில் கிடந்தவனுக்கும், பல் போன கிழவருக்கும், வயலிலிருந்து திரும்பிய தொழிலாளிக்கும் இதே கஞ்சிதான்.

தில்லியில் இருப்போர் சிறுபயற்றுக்குப் பதில் ராஜ்மாவை இட்டுப் பார்க்க எண்ணலாம். அங்கே எச்சரிக்கை வேண்டும். அந்தச் சிவப்புப் பயற்றில் இயற்கையாகவே ஒரு நச்சுப்பொருள் உண்டு. இரவு முழுதும் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் தளதளவென்று கொதிக்க வைத்து நன்றாக மசியும் வரை வேக வைத்தால்தான் அது அழியும். ‘சூடாக வைத்திருக்கும்’ நிலையில் மெல்ல மெல்ல வேகவிட்டால் அழியாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் காணும்.

ஆவிச் சமையலில் நீரே கடிகாரம். மினாமியின் பழைய தந்திரத்தை நாமும் கையாளலாம். 700 வாட் குக்கர் கணக்குப்படி நிமிடத்திற்கு ஏறத்தாழ 18 மில்லி நீரை ஆவியாக்கும். ஆகவே 200 மில்லி நீர் ஊற்றித் தட்டை மேலே வைத்து ஸ்விட்சை அழுத்தினால், ஏறத்தாழக் கால்மணி நேரத்தில் நீர் வற்றித் தானே நின்றுவிடும். 400 வாட் குக்கரில் அதே நீர் 20 நிமிடத்துக்கு மேல் நிற்கும். மூடியும் வோல்டேஜும் சிறிது முன்பின்னாக்கும். இரண்டு முறை செய்து பார்த்தால் உங்கள் குக்கரின் குணம் தெரிந்துவிடும். கால்மணி நேரம் என்பது இட்டிலிக்குப் போதும். இரண்டாக நறுக்கிய ஏத்தம்பழத்துக்கும் போதும். அவித்த ஏத்தம்பழம் எல்லைப்புறத்து வீடுகளில் அன்றாடக் காலையுணவு. அதிகம் கனியாத பழமாகப் பார்த்து எடுத்தால் சர்க்கரையும் குறைவு. பூசணி, பீன்ஸ், கேரட், முட்டைக்கோசு எதுவானாலும் சோறு வேகும்போதே மேல்தட்டில் வைத்துவிடலாம். பின்னர்த் தேங்காயும் பச்சை மிளகாயும் சீரகமும் தட்டிச் சேர்த்துப் பிரட்டினால் எண்ணெயில்லாத துவரன் தயார். விழா நாளென்றால் அரிசிமாவும் கருப்பட்டியும் தேங்காயும் பிசைந்து, வயணையிலையில் பொதிந்து, 300 மில்லி நீரில் தெரளி அவிக்கலாம். போர்மாவில் வேகும் கேக்கைவிட அது எனக்குப் பெரிது. வயணையிலை கிடைக்காத மும்பைவாசி வாழையிலையைக் கொள்க.

மரச்சீனியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இக்கிழங்கைக் குடிமக்களிடையே பரப்பியவர் என்பது யாவரும் அறிந்தது. அரிசிப் பஞ்சக் காலங்களில் இப்பகுதியின் உயிரைப் பிடித்து வைத்தது இதுவே. 1963 இல் நிறுவப்பெற்று ஸ்ரீகாரியத்தில் இயங்கி வரும் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இதன் நல்ல இரகங்கள் பலவற்றைத் தந்திருக்கிறது. எனினும் கிழங்கினுள் சயனைடை வெளியிடக்கூடிய பொருள் ஒன்று இயற்கையாக உள்ளது. கசப்புக் கிழங்கில் அது மிகுதி. ஆதலால் மரச்சீனியை ஆவியில் வேக வைத்தலும், சோறுபோல் நீர் வற்றும்படி வேக வைத்தலும் தவறு. தோலை முழுதும் நீக்கி, சிறு துண்டுகளாக்கி, மூழ்குமளவுக்கு மேல் நீர் விட்டு, மூடியைத் திறந்து வைத்து வேகவிட்டு, அந்நீரைக் கட்டாயம் வடித்துக் கொட்ட வேண்டும். குக்கரின் ஸ்விட்ச் எழும்வரை காத்திருப்பவர் அந்நீரைக் கிழங்குக்கே திரும்பக் கொடுத்தவராவார். நம் பாட்டிமார் வேதியியல் படிக்காமலே நீரை வடித்தார்கள். மீன்கறியோடு சேர்த்தும் பரிமாறினார்கள். கிழங்கில் புரதம் மிகக் குறைவு. மீன் அதை ஈடு செய்தது. சர்க்கரை நோயுள்ளவர்களோ கிழங்கையும் சோற்றையும் ஒரே வேளையில் கொள்ளலாகாது.

மீன் என்றதும் வறுவலே நினைவுக்கு வருகிறது. குக்கரில் வறுக்க முடியாது, அதுவும் நன்மைக்கே. நெத்திலியைச் சுத்தம் செய்து, தேங்காய், மஞ்சள், மிளகாய், சின்ன வெங்காயம் ஆகியவற்றை அரைத்துப் பிசறி, மாங்காய்த் துண்டு சேர்த்து, அரை ஆழாக்கு நீரோடு வைத்தால் பத்து நிமிடத்தில் நெத்திலி அவியல் கிடைக்கும். முள்ளோடு உண்ணும் மீனாதலால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கிறது. மறுநாள் குக்கரில் மீன்வாடை அடிக்குமே என்பார்க்கு: நீரில் பாதி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து ஐந்து நிமிடம் கொதிக்கவிடுக.

எவ்வளவு உண்பது? ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 2000 கலோரி வேண்டும் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தானியம் 250 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பருப்பு அல்லது முட்டை, மீன் 85 கிராம், பழம் 100 கிராம். உப்பு 5 கிராமுக்கு மேற்படலாகாது. நம் இலையைப் பார்த்தால் கணக்கு தலைகீழாக இருக்கும். சோறு மலைபோல், காய் ஊறுகாய்போல். குத்தரிசிதானே என்று மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். நிறம் சிவப்பானதால் அது மருந்தாகிவிடாது. ஓர் ஆழாக்கு அரிசி ஏறத்தாழ 150 கிராம். ஒருவர் சோற்றை அரை ஆழாக்கில் நிறுத்திக்கொண்டு, மேல்தட்டு நிறையக் காய் வைத்தால் இலையின் பாதி தானாகவே காயாகிவிடும். நான் அப்படிச் செய்யத் தொடங்கி ஆறு மாதங்களில் 140 என்பது 112 ஆயிற்று. மருந்தையும் மாலை நடையையும் நான் விட்டுவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மீந்த சோற்றில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. கொதிநீரிலும் சாகாத ஒருவகை நுண்ணுயிர் வித்துக்கள் அரிசியில் உண்டு. சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுபடி சுட வைத்தாலும் அந்நஞ்சு போகாது. குக்கரில் சூடாக வைத்திருக்கும் நிலை 60 டிகிரிக்குமேல் இருந்தால் கவலையில்லை. மின்சாரம் போய்விட்டாலோ, பிளக்கைப் பிடுங்கிவிட்டு அப்படியே மூடி வைத்தாலோதான் தொல்லை. இரண்டு மணி நேரத்துக்குள் உண்டுவிட வேண்டும். அல்லது குளிர்ப்பெட்டியில் வைத்துவிட வேண்டும். தனியாளுக்கு அரை ஆழாக்கு என்று அளந்து வைப்பதன் மற்றொரு பயன் இது.

கருவியைப் பேணுவதில் கடினம் ஒன்றுமில்லை. உள்பாத்திரத்தின் அடிப்புறத்தை ஈரமின்றித் துடைத்த பின்பே உள்ளே இறக்க வேண்டும். ஒரு பருக்கை அடித்தட்டில் ஒட்டியிருந்தாலும் ஸ்விட்ச் காலந்தவறி விழும். மூன்று கம்பியுள்ள பிளக்கை அறுத்து இரண்டு கம்பியாக்காதீர்கள். மூன்றாவது கம்பிதான் உயிரைக் காக்கும் எர்த். இரும்புக் கரண்டியால் பாத்திரத்தைச் சுரண்டினால் பூச்சு உரிந்துவிடும். கீழ்வீட்டுப் பாட்டி எனக்குக் கொடுத்த சிரட்டை அகப்பை இன்னும் என் குக்கரின் மேல்தான் இருக்கிறது. பூச்சில் ஒரு கீறலும் விழவில்லை.